வெறும் 0.04 சதவீதக் கரியமில வாயு பூமியைச் சூடாக்குமா? அடிக்கடி வரும் சந்தேகங்களுக்கு விரிவான பதில்

கேள்வி நீளமானது, சாரம் இவ்வளவுதான். காற்றில் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வெறும் 0.04 சதவீதம். இயற்கை விடுவதோடு ஒப்பிட்டால் மனிதன் விடுவது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். எரிமலை இருக்கிறது, கடல் இருக்கிறது, எண்ணூறு கோடிப் பேர் மூச்சு விடுகிறோம். பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் நீராவிதான் பெரியது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. பூமி முன்பும் சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு இந்த வாயு பயிருக்கு உணவு. பிறகு எதற்கு இவ்வளவு கூச்சல்?

இவற்றில் பாதி நல்ல கேள்விகள். அறிவியலாளர்களே பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டவை. மீதி, வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த 0.04. எண் சரிதான். 2024-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் ஆண்டுச் சராசரி சுமார் 425 பிபிஎம், அதாவது பத்து லட்சம் மூலக்கூறில் 425. தொழிற்புரட்சிக்கு முன் 280. ஆனால் சதவீதத்தை எதற்குள் கணக்கிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வறண்ட காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93 சதவீதம். தரை வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை இந்த மூன்றும் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஒரே வகை அணு இரண்டு சேர்ந்த மூலக்கூறு அதிர்ந்தாலும் அதன் மின்சமநிலை மாறாது. ஆர்கானோ ஒற்றை அணு. கார்பன் டை ஆக்சைடு வளைந்து வளைந்து அதிரும்போது மின்சமநிலை மாறும். அதனால்தான் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அலைநீளத்தை ஒட்டிய பட்டையை அது பிடித்துக்கொள்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் 99.9 சதவீதக் காற்று கலந்துகொள்வதே இல்லை என்னும்போது, அதை வகுக்கும் எண்ணாக வைத்து மீதியைச் சிறிது என்பதில் பொருளில்லை.

எடையில் பார்த்தால் இன்னும் தெளிவு. மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு மேலே வானம் முட்ட நிற்கும் காற்றின் எடை சுமார் 10.3 டன். அதில் கரியமில வாயு இன்று 6.6 கிலோ. 1800 வாக்கில் 4.4 கிலோ. அந்த வாயுவை மட்டும் பிரித்துத் தரைமட்ட அழுத்தத்தில் ஓர் அடுக்காக விரித்தால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல், ஒரு மாடி உயரம் வரும். ஓசோனை அப்படி விரித்தால் 3 மில்லிமீட்டர்தான். அந்த 3 மில்லிமீட்டர் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இயற்கை விடுவது அதிகம், மனிதன் விடுவது கொஞ்சம்தானே?

சந்தேகங்களிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான், ஏனெனில் இதில் சொல்லப்படும் எண்கள் உண்மை. செடிகொடிகள், மண், கடல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 75,000 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் வழியாக நாம் விடுவது சுமார் 3,700 கோடி டன். காடழிப்பையும் சேர்த்தால் 4,100 கோடி டன் வரும். ஐந்து சதவீதத்தை ஒட்டிய கணக்கு சரி. சொல்லாமல் விட்ட பாதி என்னவென்றால், அதே இயற்கை விடுவதைவிடச் சற்று அதிகமாகவே திரும்ப எடுத்துக்கொள்கிறது. மாதம் லட்சம் ரூபாய் வந்து லட்சம் ரூபாய் போகிற கணக்கில் ஒருவர் மாதாமாதம் ஐயாயிரம் மட்டும் போட்டு, எடுக்காமலே இருந்தால் இருப்பு ஏறுவது யாரால் என்று கேட்க வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். காற்றில் 1 பிபிஎம் ஏற 780 கோடி டன் கரியமில வாயு வேண்டும். நாம் விடும் 4,100 கோடி டன்னும் காற்றிலேயே தங்கினால் ஆண்டுக்கு 5.2 பிபிஎம் ஏற வேண்டும். கடந்த பத்தாண்டில் உண்மையில் ஏறியது ஆண்டுக்குச் சராசரி 2.5 பிபிஎம் அளவில். மீதிப் பாதியைக் கடலும் காடும் விழுங்கியிருக்கின்றன. இயற்கைதான் ஏற்றத்துக்குக் காரணம் என்றால், நாம் விட்டதைவிட அதிகமாக ஏறியிருக்க வேண்டும். ஏறியது குறைவு.

தடயமும் இருக்கிறது, ஒன்றல்ல மூன்று. செடிகள் கார்பன்-13 என்ற கனமான வகையைவிடக் கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். செடியிலிருந்தும் பாசியிலிருந்தும் வந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அதே சாய்வு இருக்கும். காற்றில் கார்பன்-13 விகிதம் தொடர்ந்து இறங்கி வருகிறது. எரிமலை வாயுவில் அந்த விகிதம் காற்றில் இருப்பதை ஒட்டியே இருப்பதால், எரிமலையால் இந்த இறக்கத்தை உண்டாக்க முடியாது. இரண்டாவது கார்பன்-14. இது தானாகச் சிதையும் வகை, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்த எரிபொருளில் அது மிச்சமே இருக்காது. அப்படிக் கார்பன்-14 அற்ற வாயு காற்றில் கலந்து வருவதை மர வளையங்களில் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் 1955-லேயே காட்டிவிட்டார். அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14-ஐத் தாறுமாறாகக் கூட்டிக் குழப்பும் முன்பே.

மூன்றாவது ஆக்சிஜன். இதை விளக்க ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். அதன் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எரிந்தால் வெளியேறும் கரியமில வாயு 2.3 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து இரண்டேகால் கிலோ எப்படி வரும் என்று பலர் இந்த எண்ணையே பொய் என்கிறார்கள். பெட்ரோலில் 86 சதவீதம், அதாவது 0.64 கிலோ கார்பன். கார்பன் அணுவின் நிறை 12. இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் 44. 0.64-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2.3. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன். அப்படியானால் உலகம் முழுக்க எரிக்கும்போது காற்றில் ஆக்சிஜன் குறைய வேண்டும் அல்லவா? அறிவியலாளர் ரால்ஃப் கீலிங் அதை 1980-களின் இறுதியிலிருந்து அளந்து வருகிறார். ஆண்டுக்குச் சுமார் 4 பிபிஎம் வீதம் குறைகிறது. மூச்சுவிட ஒரு பாதிப்பும் இல்லாத அளவு, ஆனால் ஆதாரத்துக்குப் போதும். வாயு கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ கசிந்திருந்தால் ஆக்சிஜன் இப்படிக் குறையக் காரணமில்லை. கடல்தான் விடுகிறது என்றால் கடலில் கார்பன் குறைய வேண்டும், கூடிக்கொண்டு போகிறது. மேற்பரப்பு நீரின் பிஎச் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருப்பது, அதாவது நீர் அமிலத்தின் பக்கம் சாய்ந்திருப்பது, அதனால்தான்.

எரிமலைகள் விடுவது, கடலடி எரிமலைகளையும் சேர்த்து, நாம் விடுவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மனித மூச்சு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவில். ஆனால் அந்தக் கார்பன் போன பருவத்து நெல்லும் காயும் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்த இடத்துக்கே திரும்புகிறது, அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய இரண்டு உபசந்தேகங்கள். எரிமலை மேல் உட்கார்ந்துகொண்டு அளந்தால் கூடத்தானே காட்டும் என்பது ஒன்று. மௌனா லோவா எரிமலைதான். நிலையம் 3,397 மீட்டர் உயரத்தில், முகட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. முகட்டிலிருந்து இரவில் காற்று கீழிறங்கும் வேளைகளில் அளவு தாறுமாறாகத் துள்ளும். அந்த மணி நேரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே 1958-இல் அளவீட்டைத் தொடங்கியபோதே இந்த வடிகட்டலைச் செய்தார். தென்துருவம், அலாஸ்கா, சமோவா, டாஸ்மேனியா என்று எரிமலை வாடையே இல்லாத இடங்களிலும் இதே ஏற்றம்தான். 2007 முதல் 2011 வரை லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் மூன்றிலும் குடுவையில் காற்றைப் பிடித்து அளந்தார்கள். அங்கேயும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுமுகம்தான்.

இன்னொன்று, ஒரு மூலக்கூறு காற்றில் நான்கைந்து ஆண்டுதானே தங்குகிறது, நிறுத்தினால் சரியாகிவிடாதா என்பது. நான்கைந்து ஆண்டு என்பது அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு கடலிலிருந்தோ இலையிலிருந்தோ வந்த இன்னொன்றோடு இடம் மாற்றிக்கொள்ளும் காலம். இடம் மாறினால் மொத்தம் குறையாது. கூடிய அளவு கரைய நூற்றாண்டுகள் ஆகும். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிப் பல ஆயிரம் ஆண்டு நிற்கும்.

ஏற்கெனவே முழுக்க உறிஞ்சிவிட்டது, இனி கூடினால் என்ன?

இந்தக் கேள்விக்கு வயது 120-க்கு மேல். ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1896-இல் கரியமில வாயு இரட்டித்தால் பூமி சூடாகும் என்று கணக்குப் போட்டார். 1900-இல் க்நூட் ஆங்ஸ்ட்ரம் ஒரு குழாயில் வாயுவை அடைத்து அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினார். வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் உறிஞ்சல் பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே நிறைந்துவிட்டது, கூடினாலும் ஒன்றும் ஆகாது என்ற முடிவு பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் நின்றது.

குழாயில் தெரிந்தது உண்மை. 15 மைக்ரான் பட்டையின் நடுவில், தரையிலிருந்து கிளம்பும் கதிர் சில மீட்டருக்குள் பிடிபட்டுவிடும். குழாய் காட்டாதது இரண்டு. ஒன்று, பட்டையின் இரு ஓரங்களும் நிறைந்துவிடவில்லை. வாயு கூடக் கூட ஓரங்கள் அகலும். இரண்டாவதுதான் முக்கியம். பிடித்த கதிரை வாயு வைத்துக்கொள்வதில்லை, மேலும் கீழும் திரும்ப வெளியிடுகிறது. மேலே உள்ள அடுக்கு அதைப் பிடிக்கிறது, அதற்கும் மேலே இன்னோர் அடுக்கு. கடைசியில் விண்வெளிக்கு வெப்பம் தப்பிப்பது தரையிலிருந்து அல்ல, சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து. தரையின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி. அந்த உயரத்தில் மைனஸ் 18.

வாயு கூடினால், இனித் தடையின்றி வெளியே போகலாம் என்கிற அந்த உயரம் இன்னும் மேலே தள்ளிப் போகும். மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். வரும் வெயில் அப்படியே இருக்க, வெளியேறும் வெப்பம் குறைகிறது; இரண்டும் சமமாகும்வரை கீழே எல்லாம் சூடேற வேண்டும். 280 பிபிஎம் 560 ஆனால் அந்த உயரம் சுமார் 150 மீட்டர் ஏறும். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்துப் பெருக்கினால் ஒரு டிகிரி. நுட்பமான கணக்கிலும் 1.1, 1.2 டிகிரிதான் வருகிறது. விளைவு மடக்கை விதிப்படி நடக்கிறது என்பதும் உண்மையே: 280-இலிருந்து 560 போவதும், 560-இலிருந்து 1,120 போவதும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத் தரும். கூடக் கூட வேகம் குறையும், நின்றுவிடாது.

இதெல்லாம் காகிதக் கணக்குத்தானே என்றால், நேரடி அளவீடும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் 2000 முதல் 2010 வரை மேகமற்ற வானத்திலிருந்து தரைக்கு வரும் அகச்சிவப்புக் கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தார்கள். அந்தப் பத்தாண்டில் வாயு 22 பிபிஎம் கூடியது. அதற்குரிய பட்டையில் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியிருந்தது. அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது.

நீராவிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பெரிய பசுமைக்குடில் வாயு அதுதான், மறுப்பில்லை. ஆனால் நீராவி காற்றில் தங்குவது சுமார் 9 நாள், அதிகமானால் மழையாகிவிடும். எவ்வளவு தங்கலாம் என்பதைக் காற்றின் சூடு தீர்மானிக்கிறது: ஒரு டிகிரிக்கு 7 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். அதனால் அது தானாகத் தொடங்காது. வேறொன்று சூட்டைத் தொடங்கினால் பெருக்கிவிடும். மேலே சொன்ன 1.2 டிகிரி, நீராவியும் மேகமும் பனியும் சேர்ந்தபின் 3 டிகிரியை ஒட்டிப் போவது இதனால்தான். 2.5-இலிருந்து 4 வரை இருக்கலாம் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் மதிப்பீடு. உண்மையான விவாதம் நடப்பது இந்த இடைவெளியில், அதிலும் மேகங்கள் எப்படி மாறும் என்பதில்.

பள்ளிக்கூடத்துப் பாட்டில் சோதனை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு தரப்பும் இதைத் தவறாகவே காட்டுகிறது. இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு வெப்பமானி, ஒரு குண்டு பல்பு. ஒன்றில் வினிகரும் ஆப்ப சோடாவும் போட்டுக் கரியமில வாயு நிரப்புவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டில் ஓரிரு டிகிரி கூடக் காட்டும். இதுதான் புவி வெப்பமாதல் என்பார்கள். விடை சரி, காரணம் தப்பு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். வெப்பத்தைக் கடத்துவதும் குறைவு. கீழே தேங்கி, வெளிக்காற்றோடு கலக்காமல் சூட்டை வைத்துக்கொள்கிறது. அகச்சிவப்பைத் தொடாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறக்குறைய அதே ஏற்றம் வரும். 2010-இல் ஓர் இயற்பியல் ஆய்வு இதைச் செய்தே காட்டியது. வினிகர்-சோடா வினை வேறு வெப்பத்தை உறிஞ்சும். பாட்டிலுக்குள்ளேயே கலந்தால் சிலருக்கு முடிவு தலைகீழாக வந்து, பார்த்தாயா எல்லாம் பொய் என்று போய்விடுகிறது. உயரம் ஏற ஏறக் குளிரும் காற்று இல்லாத இடத்தில் பசுமைக்குடில் விளைவைக் காட்டவே முடியாது.

வகுப்பில் காட்ட நல்ல வழி, கரியமில வாயு மீட்டர். உள்ளே ஒரு சிறு அகச்சிவப்பு விளக்கு, ஒரு குழாய், 4.26 மைக்ரானை மட்டும் விடும் வடிகட்டியோடு ஓர் உணரி. இடையில் வாயு கூடினால் உணரிக்கு வரும் ஒளி குறையும். மூச்சு விட்டதும் எண் துள்ளுவது, இந்த வாயு அகச்சிவப்பை உறிஞ்சுகிறது என்பதற்கான கண்முன் சாட்சி. வாங்கும்போது பெட்டியில் என்டிஐஆர் (NDIR, இந்த அகச்சிவப்பு முறையின் பெயர்) என்று இருக்க வேண்டும். மலிவான கருவிகள் சில கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள ஆல்கஹால் போன்ற ஆவிகளை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் எண் போடும். சானிடைசர் நனைத்த பஞ்சை அருகே காட்டுங்கள். எண் எகிறினால் அது அந்த வகை. நல்ல மீட்டரிலும் ஒரு சங்கடம் உண்டு. பல மாடல்கள் வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை 400 என்று தாங்களே எடுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடிய அறையில் வைத்தால் குறைத்துக் காட்டத் தொடங்கும். வாரம் ஒருமுறை சில மணி நேரம் திறந்த ஜன்னல் பக்கம் வைத்தால் போதும்.

அதே மீட்டரைப் பார்த்துவிட்டு, என் அறையில் 1,000 பிபிஎம், ஒன்றும் சூடாகவில்லையே என்பவர்கள் உண்டு. அறையின் உயரம் மூன்று மீட்டர். கூரையும் சுவரும் தரையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கதிர்வீசுகின்றன. இடையில் இருக்கும் வாயு யாரிடமிருந்து எதைத் தடுக்கும்?

முன்பும் மாறியதே, சூரியன் காரணமாக இருக்கலாமே?

மாறியது. அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனித்தூண்களில் 8 லட்சம் ஆண்டுக் காற்றுக் குமிழிகள் இருக்கின்றன. அதில் கரியமில வாயு 180 பிபிஎம்முக்கும் 300 பிபிஎம்முக்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது. 300-ஐத் தாண்டியதாகச் சொல்ல முடியாது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால் பனியுகம் தொடங்கியது, முடிந்தது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது 80 பிபிஎம் ஏறப் பல ஆயிரம் ஆண்டு பிடித்தது. 1958-க்குப் பிறகு மட்டும் 110 பிபிஎம் ஏறிவிட்டது. அந்தப் பனித்தூண்களில் அண்டார்டிகா முதலில் சூடாகிப் பிறகுதான் வாயு ஏறியதாகத் தெரிகிறதே என்பார்கள். தொடக்கம் சுற்றுப்பாதை மாற்றம். கடல் சூடாகி வாயுவை விட்டது. அந்த வாயு மேலும் சூடாக்கியது. உலகெங்கும் 80 இடத்துப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 ஆய்வில், உலகச் சராசரி வெப்பநிலை வாயுவுக்குப் பின்னால்தான் ஏறியிருக்கிறது. இப்போது வாயு கடலிலிருந்து வரவில்லை, கொதிகலனிலிருந்து வருகிறது. அந்த வாதம் இங்கே பொருந்தாது.

சூரியனை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறது. மொத்தத்தில் ஏறுமுகம் இல்லை. அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. சூரியன் காரணமென்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். வாயு காரணமென்றால் கீழே சூடாகி மேலே குளிர வேண்டும். மனாபே, வெதரால்டு என்ற இரு அறிவியலாளர்கள் 1967-இல் கணக்கிட்டுச் சொன்னது இரண்டாவது. அளவீடுகள் காட்டுவதும் அதுவே. மனாபேக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

பயிருக்கு உணவுதானே?

நெல், கோதுமை, பருத்தி, பயறு வகைகளுக்கு ஆம். சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு நான்கும் வாயுவை உள்ளே தாமே செறிவாக்கிக்கொள்ளும் வகை. வெளியே கூடினால் அவற்றுக்கு லாபம் கொஞ்சம்தான், வறட்சியில் நீர் மிச்சமாவதைத் தவிர. திறந்த வயலில் குழாய் வளையம் கட்டி 550 பிபிஎம் அளவில் வாயுவைச் செலுத்திச் செய்த சோதனைகளில் விளைச்சல் கூடியது. ஆனால் கோதுமையில் துத்தநாகம் 9 சதவீதமும் இரும்பு 5 சதவீதமும் குறைந்தன, அரிசியில் புரதம் குறைந்தது. சூடு தனியாக வேலை செய்கிறது. நெல் பூக்கும் அந்தக் காலை நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் சரியாக உதிராது, பதர் கூடும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1992 முதல் 2003 வரையிலான தன் வயல் பதிவுகளைப் பார்த்தபோது, வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது. இரவு சூட்டில் பயிர் மூச்சு வாங்கியே மாவைச் செலவழிக்கிறது. உரம் போட்டுவிட்டு அடுப்பையும் மூட்டினால் உரத்தின் கணக்கை மட்டும் சொல்லக் கூடாது.

எல்லா வெள்ளத்துக்கும் இதுதான் காரணமா?

இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடம் இது. 2015 டிசம்பர் 1-2-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னையின் அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமாதலின் பங்கு இருந்ததா என்று பார்த்த ஆய்வு, அப்படி ஒன்றைக் கண்டறிய முடியவில்லை என்றே முடித்தது. காற்றிலுள்ள தூசும் புகையும் இதுவரை சூட்டை ஓரளவு மறைத்து வந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. ஏரியைத் தூர்த்ததும் வடிகாலை அடைத்ததும் பருவநிலை மாற்றம் என்ற பெயரில் மறையக் கூடாது. பொதுவாகச் சூடான காற்று அதிக ஈரம் தாங்கும், பெருமழை வலுக்கும் என்பது உறுதி. ஒவ்வொரு மழைக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்காமல் பழி போடக் கூடாது என்பதும் உறுதி. அதேபோல் ஊட்டியில் ஓர் இரவு உறைபனி விழுந்ததை வைத்து உலகச் சராசரியை மறுக்கவும் முடியாது. 2024-இல் அந்தச் சராசரி, 1850-1900 அளவைவிட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது என்பது நம் ஊரில் பரவலான குழப்பம். இரண்டும் வேறு. ஓசோனை அரித்தவை சிஎஃப்சி போன்ற வாயுக்கள். அவற்றைக் கட்டுப்படுத்திய 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோன் படலம் மெல்ல ஆறி வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஏசி. அதில் குளிரூட்டும் கேஸில் பழைய ஆர்-22 ஓசோனையும் அரிக்கும், சூட்டையும் பிடிக்கும். ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 2,090 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது 900 லிட்டர் பெட்ரோல். ஆர்-32 என்றால் சுமார் 675 கிலோ. வருடா வருடம் கேஸ் போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் நம்ப வேண்டாம். மூடிய சுற்றில் கேஸ் தீராது, எங்கோ கசிகிறது. பெரும்பாலும் வெளி யூனிட்டில் குழாய் சேரும் ஃபிளேர் நட்டிலோ அரித்த காயிலிலோ இருக்கும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிச் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்யூம் போட்ட பிறகே கேஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

மரம் நட்டால் சரியாகிவிடுமா? மரத்தின் உலர் எடையில் பாதி கார்பன். 200 கிலோ உலர் எடை வரும்வரை வளர்ந்த மரம் பிடித்துவைத்திருப்பது 367 கிலோ கரியமில வாயு. 160 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில் தினம் 30 கிலோமீட்டர் போகிறவர் ஒன்பது மாதத்தில் அதைத் திருப்பி விட்டுவிடுவார். மரம் பட்டுப்போனால் பிடித்ததும் போய்விடும். நிழலுக்கும் நிலத்தடி நீருக்கும் நடுங்கள். பெட்ரோல் கணக்கை அதில் நேர் செய்ய முடியாது.

இந்தியா என்ன செய்து என்ன, அமெரிக்காதானே காரணம் என்பதில் பாதி உண்மை. இதுவரை சேர்ந்த வாயுவில் அமெரிக்காவின் பங்கு நாலில் ஒன்றை ஒட்டி, இந்தியாவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி. ஆளுக்கு ஆண்டுக்கு அங்கே சுமார் 14 டன், இங்கே 2 டன். ஆனால் ஆண்டு மொத்தத்தில் நாம் இப்போது மூன்றாமிடம். நம் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு விடுகிறது, நிலக்கரியால்.

நெல் விவசாயிகள் கேட்கும் மீத்தேன் கேள்வி வேறு வகை. தேங்கிய நீரில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கும். காற்றில் சுமார் 12 ஆண்டுதான் நிற்கும், ஆனால் அதற்குள் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடாக்கும். குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். வழி ஏற்கெனவே தெரிந்ததுதான், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. 30 சென்டிமீட்டர் நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி இறக்கி, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த பாய்ச்சல், 5 சென்டிமீட்டர் நிற்கும்வரை. வயல் சமமாக இல்லாவிட்டால் மேட்டில் பயிர் வாடும், பள்ளத்தில் நீர் நின்றுகொண்டே இருக்கும். நன்றாகச் சமன் செய்த வயலில்தான் குழாய் சொல்வதை நம்பலாம். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காக நீர் நிற்கட்டும். யூரியாவைப் பாய்ச்சலுக்குச் சற்று முன் போடுங்கள். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவிடவே கூடாது. அந்த இரண்டு வாரத்தில் நீர் தட்டினால் பதர்தான் மிஞ்சும்.